ருஷ்யாவுக்குப் போக வேண்டிய முடிவு

— கழட்ட மாட்டேன். பின்னாடி இருக்கறவங்களுக்குப் படம் மறைச்சா எழுந்து நின்னு பாக்கட்டும். மருந்துக்கடை ஹால்கேர் வீட்டம்மா தலையில தொப்பி இல்லாம பொது இடத்துல உக்காந்திருந்தான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.

— அதுக்கில்ல மேடம். அந்த இறகு என் கண்ணையும் சேர்த்துக் குத்துது.

— நீங்கதான் இதுல நடிச்சவங்களாச்சே மிஸ் தோரா, உங்களுக்கு எதுக்குப் படம்? பாக்க வேண்டியது நான். என் மகன் ஈவர் போன சனிக்கிழமை காப்பி குடிக்கறப்போ ஒரே பிடியா நின்னுட்டான். "தோராவோட படத்தை ஒரு தடவை பாருங்கம்மா, அப்புறம் உங்க இஷ்டம்"னான். பாத்துட்டு நான் சரின்னா, வர ஞாயித்துக்கிழமை சர்ச்சில பாதிரியார் உங்க ரெண்டு பேர் பேரையும் கல்யாண அறிவிப்பா வாசிப்பார். இல்லைன்னா திங்கக்கிழமைக் கப்பல்ல நீங்க கோபன்ஹேகனுக்குத் திரும்பிப் போயிடணும். பேச்சு அதுதானே?

— அதுதான் மேடம்.

— ஈவர் நடுவுல வந்து மாத்திப் பேசினான்னு அப்புறம் சொல்லக் கூடாது. அதனாலதான் அவனைக் கடையில உக்கார வச்சுட்டு வந்தேன். எனக்கு உங்க மேல தனியா ஒரு கோவமும் கிடையாது. நான் யாரைப் பத்தியும் பேசறவ இல்ல.

— தெரியும் மேடம். நேத்து மீன் வாங்கப் போனேன். "உங்க கையில இருக்கறது மூணாவது நிச்சய மோதிரமாமே"ன்னு மீன்காரம்மா கேட்டாங்க.

— மூணுன்னு நான் சொல்லவே இல்ல! ரெண்டுன்னுதான் சொன்னேன். இந்த ஊரு அப்படித்தான், ஒண்ணு சொன்னா ஒண்ணு கூட்டிக்கும்.

— இதுதான் மேடம் முதல் மோதிரம்.

— அப்படியா? அப்போ நானும் ஒண்ணு கூட்டிட்டேன் போல. விடுங்க. யாரு அது இருட்டுல, கொட்டகைக்காரர் ஸ்கோவா?

— நானேதான், மருந்துக்கடை மேடம்! உட்கார வசதியா இருக்கா? கோச்சுக்காதீங்க, மீன் வாடை கொஞ்சம் அடிக்கும். போன வருஷம் வரைக்கும் இது ஹெர்ரிங் மீன் கிடங்குதானே. நாற்காலி, திரை, பியானோ எல்லாம் தலைநகரத்துல இருக்கற மாதிரியே போட்டுட்டேன், வாடையை மட்டும் வெளியே தள்ள முடியல. மிஸ் தோரா, உங்களுக்காகத்தான் இன்னிக்கு ஊரே வந்திருக்கு. பாதிரியாரே மூணாவது வரிசையில இருக்கார்!

— அவர் படம் பாக்க வரல, ஸ்கோவ். கண்காணிக்க வந்திருக்கார். என்கிட்டயே சொன்னார். பியானோவுல யாரு, நம்ம சர்ச்சில ஆர்கன் வாசிக்கற அம்மாவா?

— அவங்களேதான். முத்தம் வர்ற இடத்துல ஈஸ்டர் பாட்டு வேணாம்னு கைகூப்பிச் சொல்லியிருக்கேன். சரி, நான் போய்ப் படச் சுருளை ஏத்தறேன்.

— ஆரம்பிச்சுட்டாங்க. திரையில வர்ற அட்டையில என்ன எழுதியிருக்கு? படிக்கறதுக்குள்ள போயிடுது.

— கண்ணாடி கொண்டு வரலையா மேடம்?

— கண்ணாடி போட்டா வயசு தெரியும். நீங்க படிங்க.

— "கடலோரச் சிற்றூர் ஒன்றில் கிளாரா என்னும் ஆசிரியை மாசற்று வாழ்ந்து வந்தாள்."

— மாசற்றா? அந்த ரவிக்கையைப் போட்டுக்கிட்டா?

— அது படக் கம்பெனி ரவிக்கை மேடம். எனக்கு முன்னாடி அதை ஒரு மகாராணி போட்டிருந்தாங்க. வேற படத்துல.

— எந்த நாட்டு மகாராணி இப்படிக் கழுத்தை இறக்கித் தைப்பா? சரி, மீசைக்காரன் ஒருத்தன் எதுக்கு உங்க கையைப் பிடிக்கறான்?

— அவர் கப்பற்படை லெஃப்டினென்ட். என்னைக் கல்யாணம் செஞ்சுக்கப் போறவர்.

— ஈவருக்கு இது தெரியுமா?

— கிளாராவைக் கல்யாணம் செஞ்சுக்கப் போறவர், மேடம். என்னை இல்ல.

— ஓ. அப்போ இந்த முத்தம் யாருக்கு? கிளாராவுக்கா, உங்களுக்கா?

— முத்தம் கிளாராவுக்கு. வெங்காய நாத்தம் எனக்கு. மத்தியானம் வறுத்த வெங்காயமும் ஈரலும் ஒரு கட்டு கட்டிட்டு வந்து நின்னார். மூணு தடவை எடுத்தாங்க.

— மூணு தடவையா!

— முதல் ரெண்டு தடவை நான் முகத்தைச் சுளிச்சுட்டேன் மேடம். இவருக்கு அஞ்சு பிள்ளைங்க. முத்தம் முடிஞ்சதும் கடைக்குட்டிக்குப் பல் முளைச்ச கதையைச் சொல்லிட்டிருந்தார்.

— கேளுங்க, கேளுங்க. ஈஸ்டர் பாட்டையேதான் வாசிக்கறாங்க.

— வேற பாட்டு தெரியாது போல. பாவம்.

— ஐயையோ, இதென்ன! ராத்திரி நேரத்துல ஒரு ஆம்பளைக்குக் கதவைத் திறந்து விடறீங்க!

— என் தம்பி மேடம். அதாவது கிளாராவோட தம்பி. கப்பல்ல அடி தாங்காம ஓடி வந்திருக்கான், போலீஸ் தேடுது. ஒரே ஒரு ராத்திரி ஒளிச்சு வச்சு, விடியறதுக்குள்ள அனுப்பிடறா.

— தம்பின்னு ஊருக்குத் தெரியுமா?

— சொன்னா அவனைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்களே.

— அப்போ தெரியாது. தெரியாதவரைக்கும் அவன் தம்பி இல்ல, ஆம்பளை. அவ்வளவுதான். அது சரி, ஜன்னலுக்கு வெளியே நின்னு பாக்கறாங்களே ஒரு அம்மா, யாரு அவங்க? நல்ல குடும்பத்துப் பொம்பளையா தெரியுது.

— தபாலாபீஸ்காரம்மா.

— நல்ல தொப்பி.

— உங்க தொப்பி மாதிரியே இருக்கு மேடம். இறகு கூட அதே பக்கம்தான்.

— ரசனை உள்ளவங்க. பொறுப்பும் உள்ளவங்க. ஊர்ல யார் வீட்டுக் கதவு எப்போ திறக்குதுன்னு பாக்கறதுக்கு ஒருத்தர் வேணாமா? எல்லாரும் போர்த்திக்கிட்டுத் தூங்கிட்டா ஊரு என்னத்துக்கு ஆகும்? இப்ப ரொட்டிக்கடைக்காரி காதுல ஏதோ சொல்றாங்களே, அட்டையைப் படிங்க.

— "நான் யாரைப் பற்றியும் பேசுபவள் அல்ல. ஆனால்..."

— என்னது?

— அட்டையில அப்படித்தான் மேடம் இருக்கு.

— இதுக்கு எதுக்கு எல்லாரும் சிரிக்கறாங்க? மீன்காரி நாற்காலியை விட்டே விழுந்துடுவா போல இருக்கே. இதுல சிரிக்க என்ன இருக்கு?

— எனக்கும் புரியல மேடம். கோபன்ஹேகன்ல இந்த இடத்துல யாரும் சிரிக்கல.

— நாகரிகம் தெரிஞ்ச ஊரு. பாருங்க, பள்ளிக்கூடத்தை விட்டு உங்களை அனுப்பிட்டாங்க. சரிதான். பெண்பிள்ளைகளைப் பெத்தவங்க வேற என்ன செய்வாங்க? லெஃப்டினென்ட்டும் மோதிரத்தைக் கழட்டிட்டான்.

— அவ ஒரு தப்பும் செய்யலையே மேடம்.

— தப்பு செஞ்சாளா இல்லையான்னு இப்ப யாரு கேட்டா? பேரு கெட்டுச்சா இல்லையா, அதான் கேள்வி.

— அதை யாரு கெடுத்தா?

— யாரும் கெடுக்க வேணாம். வெயில்ல வச்ச பால் மாதிரி அது தானே கெடும். என்ன ஆச்சு, விளக்கைப் போட்டுட்டாங்க?

— சுருள் மாத்தணும் மேடம். இன்னும் கடைசிச் சுருள் ஒண்ணுதான் பாக்கி. ஸ்கோவ் இங்கதான் ஓடி வர்றார்.

— மிஸ் தோரா, மருந்துக்கடை மேடம், கோச்சுக்காதீங்க. என் தலையெழுத்து, என்ன சொல்றதுன்னே தெரியல. கடைசிச் சுருள் பெட்டி மாறி வந்துடுச்சு.

— மாறின்னா? வேற படமா?

— படம் இதேதான் மேடம். முடிவுதான் வேற. கம்பெனியில ஒவ்வொரு படத்துக்கும் ரெண்டு முடிவு எடுப்பாங்க. நமக்கு ஒண்ணு, ருஷ்யாவுக்கு ஒண்ணு. வந்திருக்கறது ருஷ்யாவுக்குப் போக வேண்டியது.

— ருஷ்யாக்காரனுக்கு எதுக்குத் தனியா ஒரு முடிவு? அவனுக்கு மட்டும் என்ன வந்துச்சு?

— நடிச்சவ நான் சொல்றேன் மேடம், அவங்களுக்குக் கல்யாணத்துல முடிஞ்சா பிடிக்காது. கடைசியில யாராவது செத்தாத்தான் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசு செரிக்கும். அதனால படம் பிடிக்கறப்போ திங்கக்கிழமை சர்ச்சில எனக்குக் கல்யாணம் ஆகும், செவ்வாய்க்கிழமை கடல்ல குதிப்பேன். இந்த ஒரு வருஷத்துல ருஷ்யாவுல நான் நாலு தடவை செத்திருக்கேன்.

— அடக் கடவுளே.

— ஸ்கோவ், தயவு செஞ்சு அதை ஓட்டாதீங்க! நம்ம முடிவுல தம்பி திரும்பி வந்து உண்மையைச் சொல்வான், சர்ச் மணி அடிக்கும், தபாலாபீஸ்காரம்மா மன்னிப்புக் கேட்பாங்க, எல்லாரும் உக்காந்து விருந்து சாப்பிடுவாங்க. அதைப் பாத்தாத்தானே மேடம் மனசு இறங்குவாங்க! இதை ஓட்டினா என் வாழ்க்கையே போச்சு.

— எதுக்கு மிஸ் தோரா இவ்வளவு பதட்டம்? கையெல்லாம் நடுங்குது பாருங்க. காசு கொடுத்து ஊரே உக்காந்திருக்கு, பாதி வழியில எழுப்பி அனுப்ப முடியுமா? ஓட்டுங்க ஸ்கோவ். எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல. இந்த மாதிரிக் கதையெல்லாம் எப்படி முடியணுமோ அப்படியே முடியட்டும். நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கும் ஒரு பாடமா இருக்கும்.

— அப்போ ஓட்டிடட்டுமா மிஸ் தோரா?

— மேடம் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல? ஓட்டுங்க.

— ரெண்டு பேருக்கும் சம்மதம்னா எனக்கென்ன. போறேன்.

— வேர்த்து வழியுது இந்த ஸ்கோவுக்கு. நல்ல மனுஷன், நெஞ்சுதான் கோழி நெஞ்சு. ஆ, விளக்கு போயிடுச்சு. இது எந்தப் பாலம்? நம்ம துறைமுகத்துப் பாலம் மாதிரியே இருக்கே.

— எல்லா ஊர்லயும் பாலம் இப்படித்தான் மேடம் இருக்கும்.

— காலணியைக் கழட்டி ஓரமா வைக்கறீங்க. எதுக்கு?

— தெரியல. டைரக்டர் சொல்லல, நானாத்தான் கழட்டினேன். குதிக்கப் போறவ அதை எதுக்கு நனைக்கணும்னு தோணிச்சு.

— நல்ல பொண்ணு. அதாவது, கிளாராவைச் சொல்றேன். தண்ணி குளிர்ந்திருக்குமே?

— பிப்ரவரி மாசம் மேடம். பல்லு கிட்டிக்கிச்சு. தூக்கி மேல போட்டதும் ஒரு கிளாஸ் பிராந்தி கொடுத்தாங்க. அப்பவும் ஒரு மணி நேரம் பேச்சே வரல.

— பேசாதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க.

— அழறீங்களா மேடம்?

— சளி.

— மருந்துக்கடையில மருந்து இல்லையா?

— சளின்னு சொல்றேன்ல! கைக்குட்டை இருந்தா கொடுங்க. யாரு ஓடி வர்றது, தம்பியா? என்ன கத்தறான், படிங்க.

— "ஐயோ! இவள் என் அக்கா! எனக்காகவன்றோ மௌனம் காத்தாள்!"

— இதை நேத்தே வந்து கத்தியிருக்கக் கூடாதா தடிப்பய? பாதிரியார் மூக்கைச் சிந்தறார் பாருங்க. கண்காணிக்க வந்தவரு. மீன்காரி வாய் விட்டே அழறா.

— தபாலாபீஸ்காரம்மா வர்றாங்க மேடம்.

— பாவம், அவங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்கும். ஏன் எல்லாரும் விலகிப் போறாங்க? ஒருத்தரு கூட பக்கத்துல நிக்கல. இதுதான் கடைசி அட்டையா? ஏன் இவ்வளவு நேரம் நிக்குது? என்ன போட்டிருக்கு?

— வேணாம் மேடம்.

— படிங்கன்னா!

— "அவளைக் கொன்றது கடல் அன்று. ஒரு வாய்."

— பியானோவும் நின்னு போச்சே. மிஸ் தோரா. எனக்கு மட்டும்தான் அப்படித் தோணுதா, இல்ல நிஜமாவே எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கறாங்களா?

— பாக்கறாங்க மேடம்.

— உங்களைத்தானே?

— இல்ல. எனக்குக் கொஞ்சம் மேல. உங்க தொப்பியை.

— பாதிரியார் சம்சாரம் கூட பாக்கறா! போன வாரம் இருமல் மருந்து வாங்க வந்துட்டு, ஒரு மணி நேரம் நின்னு உங்களைப் பத்தி ஒண்ணு விடாம காது கொடுத்துக் கேட்டவ! இன்னும் சேதி இருக்கான்னு வேற கேட்டா! இப்ப என்னைப் பாக்கறா! நான் தொப்பியைக் கழட்டிடறேன்.

— பொது இடத்துல தொப்பி இல்லாமலா மேடம்?

— விளையாடாதீங்க! நாற்காலிக்கு அடியில தள்ளுங்க இதை. இன்னும் தள்ளுங்க. ஐயோ, இறகு தெரியுது.

— அதுக்கில்ல மேடம், இனிமே ஒளிச்சு என்ன? முகம் தெரியுதே.

— நீங்க உயிரோடதானே இருக்கீங்க? எழுந்து நின்னு அதைச் சொல்லுங்களேன்!

— என்னன்னு சொல்றது?

— நான் சாகலைன்னு சொல்லுங்க! இந்தம்மா என்னைக் கொல்லலைன்னு சொல்லுங்க!

— மூணு மோதிரக்காரி உயிரோட இருக்கான்னு சொல்லட்டுமா?

— தோரா. இப்ப விளக்கைப் போட்டுடுவான். என் கையைப் பிடிச்சுக்கோ. இப்படி இல்ல, நல்லா இறுக்கி. வாசல் வரைக்கும் என்கூட சிரிச்சுப் பேசிட்டு வா. என்னை அம்மான்னு கூப்பிடு.

— "நீ"ன்னு சொல்லிட்டீங்க மேடம்.

— மானம் போற நேரத்துல என்ன "நீங்க" வேண்டிக் கிடக்கு! கூப்பிடு.

— கூப்பிடலாம். திங்கக்கிழமை கப்பல்ல போறவ கூப்பிட்டா நல்லா இருக்குமா?

— கப்பல் கிடக்கட்டும். ஞாயித்துக்கிழமை பேரை வாசிக்கச் சொல்றேன்.

— பாதிரியார் அதோ எழுந்துட்டார் மேடம். இப்ப விட்டா வீட்டுக்குப் போயிடுவார். இங்கேருந்தே சொன்னா எல்லாருக்கும் கேட்கும்.

— நீ லேசுப்பட்டவ இல்ல. பாதிரியாரே! பாதிரியாரே, கொஞ்சம் நில்லுங்க! ஞாயித்துக்கிழமை என் மகன் ஈவர் பேரையும் இந்தத் தோரா பேரையும் சேர்த்து வாசிச்சுடுங்க! ஆமா, முழு மனசோடதான் சொல்றேன்! இவ கையில இருக்கறது முதல் மோதிரம்! மூணுன்னு யாரோ சொன்னாங்களாம்!

— யாரு மேடம் சொன்னாங்க?

— ரெண்டுன்னு நான் சொன்னேன்! மூணாவது மீன்காரியோடது! போதுமா? இப்ப கூப்பிடு.

— அம்மா.

— எனக்கே கேட்கல. சத்தமா.

— நாங்க நடிக்கறதுல சத்தத்துக்கு வேலையே இல்ல, பழக்கம் விட்டுப் போச்சு. அம்மா! வாங்கம்மா, வீட்டுக்குப் போகலாம்!

— கை தட்டறாங்க. தோரா, நிஜமாவே கை தட்டறாங்க. மீன்காரி முத்தத்தைக் காத்துல அனுப்பறா, யாருக்குன்னு தெரியல. உனக்காத்தான் இருக்கும். கொஞ்சம் நிக்கலாம், கூட்டம் போகட்டும்.

— உக்காருங்கம்மா. தொப்பியை எடுத்துத் தரேன்.

— வேணாம், கிடக்கட்டும் அது. நீ அந்தத் தண்ணியில இறங்கறப்போ நான் நிஜமாவே அழுதுட்டேன்டி. காலணியைக் கழட்டி வச்சியே, அங்கதான். நான் சளின்னு சொன்னது பொய்.

— எனக்கும் பயமாத்தான் இருந்துச்சும்மா. கடல்ல இல்ல, இந்த ஊர்ல வந்து இறங்கின நாள்லேர்ந்து. கடையில நான் நுழைஞ்சா பேச்சு டக்குன்னு நின்னுடும். நான் ஈவரை விட்டுட்டுப் போக வேண்டி வந்துடுமோன்னு தினமும் அழுதேன்.

— இனிமே பேச்சு நிக்காது. நானே பேசறேன், உன்னைப் பத்தி நல்லதா. யாருன்னு பாரு, ஸ்கோவ் வர்றார்.

— கோச்சுக்காதீங்க, ஒரே ஒரு கேள்வி. நாளைக்கும் இதே முடிவை ஓட்டட்டுமா, இல்ல நம்ம கல்யாண முடிவை ஏத்தட்டுமா?

— கல்யாணம்!

— கல்யாணம்தான் ஸ்கோவ்! அதுல தபாலாபீஸ்காரம்மா கூட விருந்துல உக்காந்து சாப்பிடறாங்களாமே. அதைத்தான் ஊரு பாக்கணும். ஆனா அந்தப் பெட்டிதான் வரலையே?

— வராம என்ன மேடம், என் அலமாரியிலதான் இருக்கு. ரெண்டும் சேர்ந்துதான் வந்துச்சு. எனக்குப் பொய் சொன்னா வேர்க்கும், இதுக்கு மேல தாங்காது. போன ஞாயித்துக்கிழமை மிஸ் தோரா கொல்லைவாசல் வழியா வந்து, "மருந்துக்கடை மேடம் காதுக்குப் போகாம, நான் சாகற முடிவையே ஓட்டுங்க"ன்னு கேட்டுக்கிட்டாங்க.

— ஸ்கோவ்!

— நீயா? நீயா கேட்ட? "என் வாழ்க்கையே போச்சு"ன்னு கையெல்லாம் நடுங்கினியே!

— நடுங்கறதுதாம்மா என் தொழில். கல்யாண முடிவுல தபாலாபீஸ்காரம்மாவை எல்லாரும் சிரிச்சு மன்னிச்சுடுவாங்க. செத்தாத்தான் ஊரு திரும்பிப் பாக்கும். எனக்கு வேற வழி தெரியல.

— என்னை அழ வச்சு, ஊர் முன்னாடி கத்த வச்சு, தொப்பியைக் கழட்ட வச்சு! இப்படிக் கொல்லைவாசல் வழியாப் போய்ச் சூழ்ச்சி பண்றவ என் வீட்டு வாசப்படி மிதிக்கறதா? முடியாது! ஸ்கோவ், பாதிரியார் தெருமுனை தாண்டியிருக்க மாட்டார், ஓடிப் போய்க் கூப்பிடுங்க! பேரை வாசிக்க வேணாம்னு இப்பவே சொல்லணும்!

— கூப்பிடறேன் மேடம். ஆனா கோச்சுக்காதீங்க, அவர் ஏன்னு கேட்டா மிச்சத்தையும் நான் சொல்ல வேண்டி வரும்: மறுநாளே, ரெண்டு முடிவு வந்திருக்குன்னு கேள்விப்பட்டு நீங்களும் அதே கொல்லைவாசல் வழியா வந்து, "அந்தப் பொண்ணு காதுக்குப் போகாம, அவ சாகற முடிவையே ஓட்டுங்க"ன்னு அதே பெட்டியைக் கேட்டீங்களே.